அர்ச்சனையில் சொல்லும் நட்சத்திரம்

அர்ச்சனைத் தட்டை நீட்டியவுடன் கேட்கப்படுபவை பெயர், கோத்திரம், நட்சத்திரம் ஆகிய மூன்றுதான். கிழக்குத் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் ஆலயமானாலும், திருநீர்மலைப் பெருமாள் சன்னிதியானாலும் இதில் மாற்றமில்லை. "விருச்சிக ராசி, அனுஷ நட்சத்திரம்" என்று பள்ளிப் பிள்ளைகூடத் தயங்காமல் சொல்லிவிடும். அந்த அனுஷம் வானத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் வீட்டுப் பெரியவர்களும் விழிக்கிறார்கள். நாள்தோறும் சங்கல்பத்தில் சொல்லப்படும் ஒன்றை ஆயுளில் ஒருமுறையேனும் கண்ணால் காணாமலிருப்பது ஒரு குறையே.

விருச்சிகத்தைக் காண்பது எளிது. ஆனிக் கடைசியிலும் ஆடியிலும் மேகம் விலகிய இரவில், எட்டரை ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் தெற்கு நோக்கி நின்றால் போதும். தாம்பரத்தில் இருப்பவர்களுக்கு அது வண்டலூர்த் திசை. பல்லாவரம், குரோம்பேட்டைவாசிகளுக்குத் தாம்பரத் திசை. ஜி.எஸ்.டி. சாலையின் விளக்குகள் அடிவானத்தை வெளுக்கச் செய்திருந்தாலும், அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவில் செந்நிறமாய் ஒரு விண்மீன் நிற்பது தெரியும். அதுவே கேட்டை. அதற்கு வலப்புறம், மேலிருந்து கீழாகச் சிறு வளைவாக நிற்கும் மூன்று விண்மீன்கள் அனுஷம். கேட்டையிலிருந்து இடப்புறம் கீழே சரிந்து, தூண்டில் முள்ளைப் போல் வளைந்து திரும்பும் வாலின் நுனியில் நெருங்கி நிற்கும் இரண்டு விண்மீன்கள் மூலம். தேளின் தலை, மார்பு, கொடுக்கு மூன்றும் சேர்ந்து முழு உருவமாகத் தெரிவது இந்த ராசியின் சிறப்பு. மற்ற ராசிகளில் உருவத்தைக் காண்பதற்குக் கற்பனை நிறைய வேண்டியிருக்கிறது.

நம் முன்னோர் இதை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். அனுஷத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர் முடப்பனை, வளைந்த பனைமரம். புறநானூற்றின் 229-ஆம் பாடலில் கூடலூர் கிழார், சேரமன்னன் மறைவதற்கு முன்பு எரிமீன் வீழ்ந்த இரவை வானத்து நிலைகளைக் கொண்டு குறிக்கும்போது இந்த முடப்பனையும் இடம்பெறுகிறது. கடிகாரமும் நாட்காட்டியும் இல்லாத காலத்தில் வானத்தைப் பார்த்தே நேரம் சொன்னவர்கள் அவர்கள்.

பஞ்சாங்கம் சொல்லும் நட்சத்திரமும் வானத்து விண்மீனும் முற்றிலும் ஒன்றல்ல என்பதையும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். சந்திரன் செல்லும் 360 பாகை வழியை 27 சம பங்குகளாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு 13 பாகை 20 கலை வரும். அந்தப் பங்குக்கே நட்சத்திரம் என்று பெயர். அதில் அல்லது அதன் அருகில் உள்ள விண்மீன் அதன் அடையாளம். விசாகத்தின் நான்காம் பாதம், அனுஷம், கேட்டை ஆகியவை சேர்ந்து விருச்சிக ராசியின் 30 பாகை நிறைவடைகிறது. மூலம் தனுசு ராசிக்குப் போய்விடுகிறது. வானத்திலோ மூலத்தின் விண்மீன்கள் தேளின் கொடுக்கிலேயே நிற்கின்றன. கேட்டையின் செந்நிற விண்மீனும் அனுஷமும் கேட்டையும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே இருக்கிறது. ஒருவருக்குக் கேட்டை ஜன்ம நட்சத்திரம் என்றால், அவர் பிறந்த வேளையில் சந்திரன் அந்தப் பங்கில் இருந்தது என்பதே பொருள். அந்த விண்மீன் அவருக்காக எதையும் செய்ததாகப் பொருளில்லை.

இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. திருமணத்துக்கு வரன் பார்க்கும் வீடுகளில் கேட்டையும் மூலமும் படும் பாடு அனைவரும் அறிந்ததே. கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது, மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது என்று நான்கு நட்சத்திரங்களை விலக்கி வைத்திருக்கிறார்கள். அந்த நான்கில் மூன்று இந்தத் தேளையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்தவை. பெண்ணின் படிப்பு, குணம், குடும்பம் அனைத்தும் பிடித்திருந்தும் "மூத்த பையன் இருக்கிறான், கேட்டை வேண்டாமே" என்ற ஒரு வரியுடன் ஜாதகம் திரும்பி வருகிறது. சேலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் முடிச்சூரிலும் இப்படித் திரும்பிய ஜாதகங்களை மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் பெற்றோர் பலர். கணக்காகப் பார்த்தால் 27-க்கு 4. ஏறக்குறைய ஏழு பெண்களில் ஒருத்தி. ஏழில் ஒரு பங்குப் பெண்கள் பிறக்கும்போதே யாருக்கோ தீங்கு சுமந்து வருகிறார்கள் என்று ஒரு சமூகம் எப்படி நம்ப முடிந்தது என்பது வியப்புக்குரியது. ஆகவே அந்த விண்மீன்களைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது.

முதலில் ஒளி. விண்மீன்களின் பிரகாசத்தை முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறு தரங்களாகப் பிரித்தவர்கள் பண்டைய கிரேக்கர்கள். கண்ணால் பார்க்கக்கூடிய மிக மங்கலானவை ஆறாம் தரம். தரத்துக்குத் தரம் ஒளி எத்தனை மடங்கு குறைகிறது என்பதற்குத் திட்டமான கணக்கு நெடுங்காலம் இல்லை. அந்தக் கணக்கை 1856-இல் வகுத்தவர் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர். ஐந்து தர வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாடு. ஆகவே ஒரு தரத்துக்குச் சுமார் 2.512 மடங்கு என்றார் அவர். இன்றும் உலகம் முழுவதும் புழங்குவது அந்த அளவுகோல்தான். அந்தப் போக்சன் 1861-இல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்திலிருந்த வானாய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்று, 1891-இல் மறையும்வரை முப்பது ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்தார். இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் அந்த வளாகத்தில், 1792-இல் நிறுவிய கருங்கல் தூண் தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுகளுடன் இன்னும் நிற்கிறது. புயல் எச்சரிக்கைக்கு மட்டுமே அவ்விடத்தை அறிந்திருப்பவர்கள் பலர்.

1863 மே 20 அன்று, சென்னையிலிருந்து விருச்சிகப் பகுதியை ஆராய்ந்துகொண்டிருந்த போக்சனின் தொலைநோக்கியில் அதற்கு முன்பு அங்கே காணப்படாத ஒரு விண்மீன் தென்பட்டது. சில நாட்களில் அது மங்கி மறைந்தது. பின்னர் 1906, 1936, 1979, 1987, 1999, 2010, 2022 ஆகிய ஆண்டுகளிலும் அது திடீரென ஒளிர்ந்து அடங்கியிருக்கிறது. வயது முதிர்ந்து சுருங்கிய ஒரு விண்மீன், தன்னைச் சுற்றும் துணை விண்மீனிடமிருந்து வாயுவை இழுத்துச் சேர்த்துக்கொண்டு, அளவு மிஞ்சும்போது வெடிக்கிறது, மறுபடி சேர்க்கிறது. வெறுங்கண்ணுக்கு எட்டாத அந்த விண்மீனின் வரலாறு சென்னையில் தொடங்கியது என்பது நம் ஊருக்குப் பெருமை.

போக்சனின் கீழ் பணியாற்றியவர்களுள் சிந்தாமணி ரகுநாதாசாரியார் குறிப்பிடத்தக்கவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். தொலைநோக்கியில் கண்கூடாகக் கண்ட நிலைக்கு ஏற்பப் பஞ்சாங்கம் திருத்தப்பட வேண்டும் என்று திருக்கணிதத்துக்காக வாதாடியவரும் அவரே. சாஸ்திரத்தில் பற்றுள்ளவர் வானத்தை நேரில் பார்க்க அஞ்சவேண்டியதில்லை என்பதற்கு அவரைவிட வேறு சான்று தேவையில்லை.

அடுத்தது தூரம். எட்டிப் பிடிக்க முடியாத பொருளின் தூரத்தை அளப்பது எப்படி? இதற்கும் தென்சென்னைப் புறநகரிலேயே விடை கிடைக்கிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலையின் அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுப்பக்கம் வரை நேர்கோடாகச் சுமார் ஏழரை மைல் நிலத்தை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். கோடை வெயிலில் அதற்கு 57 நாட்கள் ஆயின. இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் நில அளவையின் தொடக்கக் கோடு அதுதான். அடுக்குமாடிகளும் கணினி நிறுவனங்களும் நிறைந்த அந்த வழியில் இன்று செல்பவர்களுக்கு இது தோன்றாது. ஒரு கோட்டின் நீளம் திட்டமாகத் தெரிந்துவிட்டால், அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றை நோக்கி, இரு கோணங்களை அளந்து, அந்தக் குன்றின் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். குன்றுக்குப் போகவேண்டியதே இல்லை.

விண்மீனுக்கும் இதே முறைதான். ஆனால் ஏழரை மைல் போதாது. பூமி சூரியனைச் சுற்றும் பாதையே அடிக்கோடு. ஆனியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை என்று ஆறு மாத இடைவெளியில் பார்த்தால், பார்ப்பவர் 30 கோடி கிலோமீட்டர் இடம்பெயர்ந்திருப்பார். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் பயணிப்பவருக்கு அருகிலுள்ள கம்பங்கள் வேகமாகவும் பல்லாவரத்துக் குன்றுகள் மெதுவாகவும் பின்செல்வதைப் போல, அருகிலுள்ள விண்மீன் தொலைவிலுள்ளவற்றுக்கு எதிரே சற்று விலகித் தோன்றும். அந்த விலகல் எவ்வளவு சிறியது என்பதுதான் மலைக்க வைக்கிறது. கேட்டைக்குரிய கோணம், சுமார் 900 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு பத்து ரூபாய் நாணயம் கண்ணில் பிடிக்கும் கோணத்தின் அளவே. 1989-இல் விண்ணில் ஏவிய ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களுக்கு இத்தகைய கோணங்களை அளந்து கொடுத்தது.

இவ்வாறு கிடைத்த தூரங்களைக் கிலோமீட்டரில் எழுதினால் சுழியங்களுக்கு இடம் போதாது. ஒளி ஓராண்டில் செல்லும் தூரம் ஒளியாண்டு. அது ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். சந்திரனின் ஒளி நம்மை அடைய ஒன்றேகால் வினாடி சொச்சம். சூரியனின் ஒளிக்கு எட்டு நிமிடம் இருபது வினாடி. கேட்டையின் ஒளிக்கு ஏறக்குறைய 550 ஆண்டுகள். ஆடி மாத இரவில் கண்ணில் படும் அந்தச் செந்நிற ஒளி, கிருஷ்ணதேவராயர் பட்டமேறுவதற்கும் முன்பே புறப்பட்டுவிட்டது. அனுஷத்தின் மூன்று விண்மீன்களும் ஒரே வரிசையில் நிற்பவையாகத் தோன்றினாலும், சுமார் 400, 490, 590 ஒளியாண்டுகள் என்று முன்னும் பின்னுமாக நிற்கின்றன. மூலத்தின் பிரகாசமான விண்மீன் ஏறத்தாழ 570 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஐப்பசி மூலத்தில் அவதரித்த மணவாள மாமுனிகள் பரமபதித்தது 1443-இல். இன்று காணும் மூலத்தின் ஒளி ஏறக்குறைய அவர் காலத்தை ஒட்டிக் கிளம்பியது.

தேளின் உடல் முடிந்து வால் தொடங்கும் இடத்தில், எப்சிலான் என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கப்படும் ஒரு விண்மீன் உண்டு. அதன் தூரம் 64 ஒளியாண்டுதான். திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி கொண்டாடி நான்காண்டு ஆன தாத்தா ஒருவர் மாடியில் நின்று அதைப் பார்ப்பாரேயானால், அவர் தொட்டிலில் கிடந்த நாளில் புறப்பட்ட ஒளியை அவர் காண்கிறார். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்ல இதைவிட நல்ல விண்மீன் கிடையாது.

கொடுக்கின் அருகில் கப்பா என்று மற்றொன்று உண்டு. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசம். கப்பாவின் தூரமோ சுமார் 480 ஒளியாண்டு. எப்சிலானைப் போல் ஏழரை மடங்கு. தூரம் ஏழரை மடங்கானால் வந்து சேரும் ஒளி ஐம்பத்தாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அப்படிக் குறைந்தும் சமமாகத் தெரிகிறது என்றால், கப்பா உண்மையில் ஐம்பது மடங்குக்குக் குறையாத ஒளி படைத்தது என்றாகிறது. கண் இவற்றைப் பிரித்தறியாது. இரண்டையும் ஒரே தளத்தில் ஒட்டிவைத்த பொட்டுகளாகவே காட்டும். வாலில் இன்னும் கீழே, நெருங்கிய இரட்டையரைப் போல் ஸீட்டா என்ற பெயரில் இரு விண்மீன்கள் உள்ளன. சென்னை விளக்கொளியில் அவற்றைப் பிரித்துப் பார்ப்பது கடினம். காவலூர் வானாய்வுக்கூடம் அமைந்துள்ள ஜவ்வாது மலை போன்ற இருண்ட இடம் வேண்டும். அவற்றில் பளிச்சென்று தெரிவது சுமார் 130 ஒளியாண்டுத் தொலைவிலும், மங்கலானது பல்லாயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலும் இருக்கின்றன. மங்கலானதே பேரொளி படைத்தது.

(விளக்கொளியைப் பற்றி ஒரு வார்த்தை. கோபுரத்துக்கு விளக்கு அவசியமே. ஆனால் அது கோபுரத்தைத் தாண்டி வானத்தில் பாயும்படி அமைய வேண்டியதில்லை. திருப்பணிக் குழுவினர் விளக்குக்கு மேல்மூடி பொருத்தச் சொன்னால் மின்கட்டணமும் குறையும், வானமும் தெரியும்.)

கேட்டையின் உண்மை வடிவம் இன்னும் பிரமிப்பூட்டுவது. சூரியன் இருக்குமிடத்தில் அதை வைத்தால் பூமி மட்டுமன்றிச் செவ்வாயின் பாதையும் அதன் உடலுக்குள் அடங்கிவிடும். செவ்வாயைப் போலவே சிவந்திருப்பதால் கிரேக்கர்கள் அதைச் செவ்வாய்க்குப் போட்டியாளன் என்று அழைத்தார்கள். நம் ஜோதிடத்தில் விருச்சிகத்தின் அதிபதி செவ்வாய். அனுஷத்தின் நடு விண்மீனோ 2000-ஆம் ஆண்டில் திடீரென்று ஒளி கூடத் தொடங்கியது. அதுவரை இருந்ததைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் பிரகாசமாகி, தேளின் தலை பார்வைக்கே மாறித் தெரிந்தது. மாதந்தோறும் அனுஷத்தன்று காஞ்சி மகாசுவாமிகளுக்கு வழிபாடு நடத்தும் இல்லங்களில் அதனால் எந்த மாறுதலும் நேரவில்லை. அந்த ஒளிப்பெருக்கு நிகழ்ந்தது ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு; செய்தி வந்து சேர்ந்தது 2000-இல்.

இத்தனை தூரத்திலிருந்து, இத்தனை பழைய ஒளியை அனுப்பும் கேட்டை, முடிச்சூரில் இருக்கும் ஒரு பெண்ணின் வழியாக அவள் கணவனின் அண்ணனைத் தாக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? பெயரைத் தவிர வேறு காரணம் தேடினாலும் கிடைப்பதில்லை. கேட்டையின் வடமொழிப் பெயர் ஜ்யேஷ்டா. மூத்தது என்று பொருள். மூத்தது என்ற சொல்லிலிருந்து மூத்தவனுக்கு ஆகாது என்ற அச்சம் முளைத்திருக்க வேண்டும். மூலம் என்றால் வேர். வேர் என்றதும் வேரறுத்தல் நினைவுக்கு வந்துவிட்டது. "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்ற சொல்லடை எத்தனை பெண்களின் கண்ணீருக்குக் காரணமாயிற்றோ. அது "ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்" என்பதன் திரிபு என்று விளக்குவோர் உண்டு. ஆனியில் சூரியன் மிதுனத்தில் இருக்க, எதிரே தனுசில் மூலத்தை ஒட்டிச் சந்திரன் நிறைவெய்தும். அப்படிப் பார்த்தால் அந்த விளக்கம் பொருத்தமாகவே படுகிறது. பாதம் பார்த்து விலக்குச் சொல்லும் ஜோதிடர்களும் பலர். ஆனால் பாதம் பார்க்கும்வரை பொறுக்கும் பிள்ளை வீட்டார் குறைவு.

ஆலய மரபு இந்த நட்சத்திரங்களை எப்படி நடத்துகிறது என்பதைத்தான் கோவிலுக்குச் செல்லும் குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நவராத்திரியில் கலைமகளை ஆவாகனம் செய்வது மூல நட்சத்திரத்தன்று. பெண் மூலம் ஆகாது என்று சொல்லும் அதே வீட்டில் புத்தகங்களை அடுக்கிப் பட்டு சாற்றி அந்த நாளில்தான் வாணியை வரவேற்கிறார்கள். திருஞானசம்பந்தர் குருபூஜை வைகாசி மூலம். அனுமன் ஜயந்தி மார்கழி மூலம்; நங்கநல்லூரில் 32 அடி உயர ஆஞ்சநேயரைத் தரிசிக்க வரும் கூட்டத்தில் மூலத்துப் பெண்ணின் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பியவர்களும் நிற்கிறார்கள். விசாகம் முருகப்பெருமானுக்கும் நம்மாழ்வாருக்கும் உரியது. கேட்டைக்கு யார் என்று கேட்பவர்கள் மதுராந்தகத்துக்குப் போய்வர வேண்டும். ஏரிகாத்த ராமர் கோவிலில் இராமானுசருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் செய்துவைத்த பெரிய நம்பியின் திருநட்சத்திரம் மார்கழிக் கேட்டை. மூத்தவர்க்கு ஆகாது என்ற நட்சத்திரத்தில் பிறந்தவர் ஒரு சம்பிரதாயத்துக்கே மூத்தவராக விளங்கியிருக்கிறார்.

தொண்டரடிப்பொடி ஆழ்வாரும் மார்கழிக் கேட்டையே. மார்கழித் தொடக்கத்தில் சூரியன் அப்பகுதியை ஒட்டியிருப்பதால் கேட்டை கண்ணுக்குத் தெரியாது. அனுமன் ஜயந்தி அமாவாசையை ஒட்டி வருவதும் இதனால்தான். சூரியன் இருக்கும் ராசிக்கே சந்திரனும் வந்து சேர்கிறது. நாளாக ஆகச் சூரியன் கிழக்கே நகர்ந்துவிடும். பொங்கலுக்கு முந்தைய வாரத்தில், அவ்வாழ்வார் அருளிய திருப்பள்ளியெழுச்சியைச் சேவிக்க விடியற்காலை ஐந்து மணிக்குக் கோவிலுக்கு நடப்பவர்கள் வீட்டு வாசலிலிருந்து தென்கிழக்கே பார்த்தால், மாடி வீடுகளுக்குச் சற்று மேலே, சூரியனுக்கு முன்பாக எழுந்து அந்தச் செந்நிற விண்மீன் நின்றுகொண்டிருக்கும்.